லெத்தாயின் சாப்பாட்டுத் தட்டு

கல்யாணப் பந்தலில் என் பழைய கிரார் யாழை உறையிலிருந்து எடுத்ததும் நஹோம் முகத்தைச் சுளித்தான். எங்கள் குழுவுக்கு அவன்தான் தலைவன். கீபோர்டு வாசிக்கிறவன்.

"உக்பாய் அண்ணே, இந்தத் தகர டப்பாவ ஏன் கொண்டாந்தீங்க? கரண்டுல வாசிக்கிற கிரார் எங்க?"

"வீட்ல தூங்குது."

"இது கொர்ருன்னு இழுக்குமே! பொண்ணு வீட்டுக்காரங்க என்னையத்தான் புடிப்பாங்க."

"ஒரே ஒரு பாட்டுக்குடா. அப்புறம் நீ சொன்னதக் கேக்குறேன்."

எல்லோருடைய கிராருக்கும் அடியில் மரக்கிண்ணம் இருக்கும். அதன்மேல் தோல் போர்த்தித் தந்தி கட்டுவார்கள். என்னுடையதற்கு மட்டும் அலுமினியத் தட்டு. எங்கள் நாட்டு விடுதலைப் போரின்போது சாஹெல் மலையில் போராளிகள் நாங்கள் ஏழு பேர் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட தட்டு அது. நான் திருடியது.

தட்டுக்குப் பொறுப்பு எங்களில் ஒருத்தியான லெத்தாய். நான் திருடிய மறுநாளிலிருந்து பாறைமேல் பருப்பை ஊற்றித் தின்றோம். அவள்தான் தொலைத்தாள் என்று ஆளாளுக்குத் திட்டினார்கள். நான் வாயே திறக்கவில்லை. அந்த வாரமே கலைக்குழுவில் சேர்ந்து வேறு மலைக்குப் போய்விட்டேன். அவள்மேல் எனக்கு உயிர். ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு திரும்பிப் போவது? விடுதலைக்குப் பிறகு அவள் ஸ்வீடனில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இன்றைய மணப்பெண் அவள் தங்கை மகள். லெத்தாய் வந்திருந்தாள். முப்பத்தேழு வருஷமாக நெஞ்சில் கிடக்கும் கல்லை இன்று இறக்கிவிட வேண்டும். வாயால் சொல்லத் தைரியமில்லை, தட்டே சொல்லட்டும் என்றுதான் இதைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஆட்டம் தொடங்கியது. தோளில் மாட்டிய கபெரோ மேளத்துக்குக் காலை இழுத்து இழுத்து வட்டமாக வந்தார்கள். லெத்தாய்க்குத் தலை முழுக்க நரை. தோளைக் குலுக்குவது மட்டும் அதே குலுக்கல். என் முன்னால் வந்தாள், பார்க்காமலே போனாள். இரண்டாம் சுற்றிலும் அப்படியே. நஹோம் தட்டிவிட்டிருந்த மெஷின் தாளத்தில் என் கிரார் எங்கே கேட்கும்!

"நஹோம், அந்தச் சனியன நிறுத்துடா!"

முறைத்தான். ஆனால் நிறுத்தினான். இப்போது கபெரோவும் கிராரும் மட்டும்தான். தட்டு கொர்ரென்று முனகியது.

மூன்றாம் சுற்றில் லெத்தாய் சட்டென்று நின்றாள். பின்னால் வந்தவள் அவள்மேல் இடித்தாள். நேராக என்னிடம் வந்து கிராரின் அடிப்பக்கத்தைத் தடவினாள். விளிம்பில் அடையாளத்துக்காக அவள் அந்தக் காலத்தில் கத்தியால் கீறிய மூன்று கோடுகள் அப்படியே இருந்தன.

"தட்டுத் திருடா!"

"மன்னிச்சிடு லெத்தாய். உன்னை எல்லாரும் திட்டினப்போ நான்..."

"அட மடையா! தெனமும் அதைத் தலைக்கடியில வச்சுத்தான் தூங்குவேன். அன்னிக்கு மட்டும் உன் பை மேல ஏன் கெடந்துச்சுன்னு யோசிச்சியா?"

என் விரல் தந்தியிலேயே நின்றுவிட்டது.

"கிராருக்குக் கிண்ணம் கெடைக்கலன்னு பொலம்பிட்டே இருந்த. எடுத்துக்கட்டும்னு வச்சேன். ஒரு நாளு நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். அஞ்சு வருஷம் காத்துட்டு இருந்தேன், உக்பாய்."

ஐயோ, பாழாய்ப் போனவனே என்று என்னையே அறைந்துகொள்ளத் தோன்றியது. கண் நிறைந்துவிட்டது. அவள் என் தோளில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஏன் நிறுத்திட்ட? வாசி. இதுக்குத்தானே ஏழு பேரும் பாறையில தின்னோம்."

சொல்லிவிட்டு வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்துகொண்டாள். நான் வாசித்தேன். அதன்பிறகு ஒவ்வொரு சுற்றிலும் என்னைப் பார்த்துக்கொண்டேதான் போனாள்.