கறுப்புக் காரில் ராக்கம்மாள்

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருந்த கந்தவேல் முதலாளியின் கறுப்புக் காரில், பானெட்டின் மேல், ராக்கம்மாளின் முகம் தெரிய ஆரம்பித்தது இரண்டாயிரத்து நாலாம் வருடம் ஆடி மாதத்தில். அந்த வாரம் நூல் விலை ஏறியிருந்ததால் ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். முகம் ஒரு முறம் அகலத்துக்கு இருந்தது. மூக்குத்தியும் இடது புருவத்துத் தழும்பும்கூடத் தெரிந்தன. சிரிக்கவில்லை, ஆனால் இப்போதுதான் சிரித்து முடித்த மாதிரி இருந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை பார்த்தார், மாட்டிக்கொண்டு ஒருமுறை பார்த்தார், பிறகு பின்சீட்டில் ஏறி பேங்குக்குப் போய்விட்டார். வண்டி ஓடுவதற்கு அது ஒன்றும் இடைஞ்சலாக இல்லை.

அந்தக் காரை ஓட்டியதும் கழுவியதும் மாரப்பன். அவன் மனைவி மயிலாளும், மதுரைப் பக்கமிருந்து பிழைக்க வந்த ராக்கம்மாளும் உமர் பாயின் வேஸ்ட் குடோனில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள். கம்பெனிகளில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுகள் மூட்டை மூட்டையாக அங்கே வரும். வெள்ளை தனி, கலர் தனி, ரப்பர் போல இழுபடுவது தனி என்று பெண்கள் பிரித்துப் போடுவார்கள். பிரிக்கப் பிரிக்கப் பஞ்சு பறந்து மூக்கிலும் தொண்டையிலும் இறங்கும். அதனால் ஒவ்வொருத்தியும் ஒரு துணித் துண்டை எடுத்து மூக்கும் வாயும் மறையப் பின்னந்தலையில் முடிச்சுப் போட்டுக்கொள்வாள். மதியம் சோறு தின்றுவிட்டுக் கண்ணசரும்போது அதையே முகத்தின் மேல் விரித்துக்கொள்வாள். சாயங்காலம் அலசிக் கம்பியில் போட்டுவிட்டு மறுநாள் அதையே கட்டுவாள். குடோனில் எல்லாரும் செய்வதுதான். அதில் இப்படி ஒன்று இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கறுப்புக் காரைத் துடைப்பது லேசான காரியம் இல்லை. வெள்ளை வண்டி எதையும் மறைத்துக்கொள்ளும், கறுப்பு ஒரு கீறலைக்கூட வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். மாரப்பன் துணி விஷயத்தில் கெட்டிக்காரன். தையல் விளிம்பு இருக்கக் கூடாது, நைலான் நூல் கோடு போட்டுவிடும். பாலியஸ்டர் கலந்திருக்கக் கூடாது. ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டுவான். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாகும். தரையில் விழுந்த துணியைத் திரும்ப எடுக்க மாட்டான், மணல் ஒட்டியிருக்கும். மயிலாள் இதையெல்லாம் தெரிந்துகொண்டு நல்ல நல்ல துண்டாகப் பொறுக்கி, தையலை வெட்டியெறிந்து கொண்டுவந்து கொடுப்பாள். ஆனால் புதுத் துணியில் சாயப்பட்டறைக்காரர்கள் மெருகுக்காகப் போடும் பசை இருக்கிறது. அது தண்ணீரைக் குடிக்காது, இங்கிருந்து அங்கே தள்ளிவிடும். காய்ந்ததும் காரெல்லாம் திட்டுத் திட்டாக நிற்கும். ஒரு நாள் மாரப்பனே குடோனுக்கு வந்து மூட்டைகளைத் துழாவி, மேலே கிடந்த வெளிறிய மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தான். "இது துணி புள்ள. நீ இத்தன நாளாக் குடுத்ததெல்லாம் சாக்கு" என்றான். மயிலாள் அன்று மதியம் சாப்பிடவில்லை. இரண்டு மூன்று வாரத்தில் பானெட்டில் முகம் வந்தது.

ஊர் அதைச் சுலபமாக எடுத்துக்கொண்டது. திருப்பூரில் எதன் மேல் எது இருந்தாலும் பிரிண்டிங் என்றுதான் நினைப்பார்கள். சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்து கண்ணாடியை இறக்கி, "ஏனுங்க, இது எந்த யூனிட்ல போட்டதுங்க? கலர் போகாதுங்களா?" என்று கேட்டார்கள். ஊத்துக்குளியிலிருந்து நெய் கொண்டுவருகிறவர் ராக்கம்மாளை நேரில் பார்த்தபோது கும்பிட்டார், பெரிய இடத்து அம்மா என்று நினைத்துக்கொண்டு.

மயிலாளுக்குத்தான் வயிறு எரிந்தது. வீட்டில் மாரப்பன் சோற்றுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கமாட்டான், தூக்கினாலும் டிவியைப் பார்ப்பான். கல்யாணமான புதிதில் அவள் காய்ச்சலில் படுத்திருந்தபோது ஒருமுறை நெற்றியைத் தொட்டுப் பார்த்திருக்கிறான், அதோடு சரி. அந்த மனிதன் காலையில் கம்பெனி வாசலில் பானெட்டின் மேல் குனிந்து, வாயால் ஊதி, விரல் நுனியில் துணியைச் சுற்றி, ராக்கம்மாளின் கண் ஓரத்தை ஒத்தி ஒத்தி எடுப்பதை அவள் வேலைக்குப் போகும் வழியில் நின்று பார்த்தாள். கேட்டால், "அங்கதான் புள்ள பறவ எச்சம் உழுகுது" என்றான். அது உண்மையும்தான். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

குடோனில் வார்த்தை தடித்தது. "நான் என்னத்தா செய்வேன்? உன் வீட்டுக்காரரை நிமிந்து பாத்ததுகூட இல்ல" என்றாள் ராக்கம்மாள்.

"நீங்க எதுக்குங்க அக்கா பாக்கோணும்? உங்க மூஞ்சிதான் அவிநாசி ரோடு பூராக் கார்ல சவாரி போகுதே. தாலி கட்டிக்கிட்டவ நானு டவுன் பஸ்ல தொங்கிக்கிட்டு வாரேன்."

"எறக்கி விட்டுக்க. நானா ஏறி உக்காந்தேன்?"

உமர் பாய் தராசுக்குப் பின்னாலிருந்து, "அம்மணி, ரெண்டு பேரும் வாயில துணியக் கட்டிக்கிட்டே இத்தன பேசறீங்களே, அவுத்தா என்னாகறது?" என்றார். பெண்கள் சிரித்தார்கள். மயிலாள் சிரிக்கவில்லை. வாயில் கட்டிய துணி என்று அவர் சொன்னது அவளுக்குள் போய்த் தைத்துவிட்டது. அன்று சாயங்காலம் கார் டிக்கியைத் திறந்து, மாரப்பன் பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுருட்டி வைத்திருந்த மஞ்சள் துண்டை விரித்துப் பார்த்தாள். இரண்டு முனைகளும் முறுக்கேறிக் கிடந்தன. வருடக்கணக்காக முடிச்சுப் போட்ட முனைகள். ராக்கம்மாளின் துணி காற்றில் கம்பியிலிருந்து பறந்து மூட்டையின் மேல் விழுந்திருக்கிறது, அவள் தொலைந்தது என்று விட்டுவிட்டு வேறொன்று கிழித்துக்கொண்டிருக்கிறாள். இத்தனை தடவை அலசிய துணி அந்தக் குடோனிலேயே வேறு இல்லை. மாரப்பனின் கை தேடியது மென்மையை, எடுத்தது ஒருத்தியின் முகத்தை.

மயிலாள் யாரிடமும் சொல்லவில்லை. தான் முகத்தில் கட்டுகிற நீலத் துண்டை வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவளுடையது சமீபத்தில் கிழித்தது, மொடமொடப்பு போகவில்லை. பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரில் அலசினாள், கல்லில் போட்டுத் தட்டினாள், நிழலில் காயவைத்தாள், மறுநாள் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள், வந்து மறுபடி அலசினாள். புரட்டாசி போயிற்று. ஐப்பசி மழையில் துணி காயாமல் ஈரத்தோடு கட்டிக்கொண்டு இருமினாள். தீபாவளிக்கு முந்தின வாரம் அதை மற்றத் துண்டுகளோடு கலந்து மாரப்பன் முன்னால் வைத்தாள். அவன் தொட்டுப் பார்த்து, "இன்னும் பதம் வல்ல" என்று தள்ளிவிட்டான். அவள் திரும்ப அலசப் போனாள். ஒரு வருடம் அப்படி நடந்தது. அந்த வருடம் முழுக்க ராக்கம்மாள் காரில் போய்வந்துகொண்டிருந்தாள். மறு வருடம் கார்த்திகையில் மாரப்பனின் கை துண்டுகளின் மேல் அலைந்து நீலத்தில் வந்து நின்றது. எடுத்துக் கன்னத்தில் வைத்தான். "எங்கிருந்து புள்ள புடிச்ச இத?" என்று கேட்டான். மயிலாள் அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ராக்கம்மாள் பானெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, மார்கழிப் பனியில் ஒரு நாள் காணாமல் போனாள். தை பிறந்ததும் மயிலாள் வந்தாள். முறைத்துக்கொண்டே வந்தாள். முதலாளி பார்த்துவிட்டு, "என்ன மாரப்பா, பானெட்டு மொறைக்குது?" என்றார்.

"என்ற ஊட்டுக்காரிங்க."

"அப்பச் செரி" என்று ஏறிக்கொண்டார்.

அன்று காலை மயிலாள் குடோனில் கலர் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் குளிர்ச்சியாக ஏதோ பட்டது. பிறகு மூச்சுக் காற்று போல வெதுவெதுப்பாக ஒன்று. பிறகு விரல், துணி சுற்றிய விரல், கண் ஓரத்தில் ஒத்தியது, மூக்கின் பக்கவாட்டில் இறங்கியது, கன்னத்தில் வட்டமாகச் சுற்றியது. கையிலிருந்த துண்டு நழுவியது தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் மயக்கமா என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லீங்க, அவுரு கார் தொடைக்கறாரு" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கண்ணைத் திறந்து எதிரே பார்த்தாள். ராக்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

"ஏனுங்க அக்கா, இத்தன நாளா உங்களுக்கும் இப்பிடித்தானா?"

ராக்கம்மாள் துணியைக் கண் வரைக்கும் ஏற்றிவிட்டுக்கொண்டாள். "யாரு கைன்னு எனக்குத் தெரியாதுத்தா. புருசன் செத்து வருசம் பல ஆச்சு. நல்லாத்தான் இருந்துச்சு, என்னத்துக்குப் பொய் சொல்லணும்?"

அந்த நேரத்தில் கம்பெனி வாசலில் பானெட்டில் இருந்த முகத்தின் புருவம் நெரிவதை மாரப்பன் பார்த்தான். அழுத்திவிட்டோம் போல என்று நினைத்துக் கையை லேசாக்கினான். மயிலாளும் ராக்கம்மாளும் அதன் பிறகு வேலை விஷயம் தவிர வேறு பேசிக்கொண்டதில்லை. ஆனால் ராக்கம்மாளுக்கு ஜுரம் வந்து படுத்தபோது மயிலாள் கஞ்சி கொண்டுபோய் வைத்துவிட்டு, பார்க்காமல் திரும்பி வந்தாள்.

இரண்டாயிரத்து எட்டில் ஆர்டர் குறைந்தது. கந்தவேல் முதலாளி காரைச் சோமனூரில் தறி வைத்திருந்த ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் முகத்துக்காக விலையில் எதையும் குறைக்கவும் இல்லை, கூட்டவும் இல்லை. மாரப்பனைக் கம்பெனி டெம்போவுக்கு மாற்றினார்கள், மத்தியானத்துக்கு மேல்தான் லோடு. கார் போன மறுநாள் காலை மயிலாள் குடோனில் திடுக்கிட்டு எழுந்து நின்றாள். கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டு, "இது அவுரு கை இல்லீங்க" என்றாள். வீட்டுக்கு ஓடிவந்து எல்லாவற்றையும் மாரப்பனிடம் சொன்னாள், நீலத் துண்டு எப்படி வந்தது என்பதையும் சேர்த்து. மாரப்பன் கேட்டுக்கொண்டே இருந்தான். சோற்றைத் தொடவில்லை. டிவியை அணைத்தான். அவள் முகத்தையே பார்த்தான், யாரோ கீறல் போட்டிருக்கிறார்களா என்று பார்ப்பதுபோல.

வேறு துணி போட்டுக் கொஞ்ச நாள் துடைத்தால் முகம் தானாகப் போய்விடும் என்று எல்லாரும் சொன்னார்கள். மாரப்பன் அதைக் காதில் வாங்கவில்லை. "அதுவரைக்கும் எவனோ தொடைப்பானா?" என்றான். விடிவதற்கு முன்னால் நீலத் துண்டைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு திருப்பூர் பஸ் ஏறி, அங்கிருந்து சோமனூர் பஸ் ஏறினான். புது முதலாளியிடம், காரை இனிமேல் நான்தான் கழுவுவேன், காசு வேண்டாம், உங்க டிரைவர் துணியோடு பக்கத்தில் வரக் கூடாது என்றான். அவர் பானெட்டைப் பார்த்தார், இவனைப் பார்த்தார், "ஊட்டுக்காரிங்களா?" என்று கேட்டார். ஆமாங்க என்றான். அவர் டிரைவரைக் கூப்பிட்டு வாளியை இவனிடம் கொடுக்கச் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் அவன் அந்த பஸ்ஸில் போய் வருகிறான். பஸ் தாமதமாகிற நாட்களில் மயிலாளுக்குக் கை ஓடாது, உமர் பாய் குடோனில் மூட்டை பிரிப்பது கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான்.