லேபிள் இல்லாத டப்பா

டப்பாவில் யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று மூடியைத் திருகிய உடனேயே வத்சலாவுக்குத் தோன்றிவிட்டது. க்ரீமின் அளவு குறையவில்லை. ஆனால் வழக்கமாக லேசாக மஞ்சள் ஓடியிருக்கும்; இன்று பாலாடை மாதிரி வெளுத்திருந்தது. மோந்து பார்த்தாள். சந்தன வாசனை மேலோட்டமாகத்தான் இருந்தது. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விளக்கடியில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நம் கண்ணுக்குத்தான் வயசாகிவிட்டது என்று சமாதானம் சொல்லிக்கொண்டு முகத்தில் தடவினாள். மனசு மட்டும் சமாதானமாகவில்லை.

கல்கத்தாவில், டாக்குரியாவில் அந்த ஃப்ளாட்டில் இருப்பதே நாலு பேர். துறைமுக ஆபீஸிலிருந்து ரிடையரான கணவர் பத்மநாபன் தன் ஷேவிங் சாமானைத் தவிர வேறெதையும் தொடமாட்டார். மகன் ஹரீஷுக்கு எதிரில் கிடக்கிற சாவியே கண்ணில் படாது. மிச்சம் இருப்பவள் மருமகள் பிரியம்வதா. கல்யாணமாகி வந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. பவானிபூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பத்துப் பெண். தமிழைவிட வங்காளம்தான் வாயில் சரளமாக வரும்.

அந்த க்ரீமைக் கொடுத்தது டாலிகஞ்சில் வீட்டோடு பார்லர் நடத்தும் சர்பானி. ஹரீஷின் கல்யாண ஆல்பம் வந்த அன்று, சம்பந்தியம்மாள் பக்கத்தில் வதங்கிப்போய் நிற்கிற தன் முகத்தைப் பார்த்துவிட்டு வத்சலா தேடிப் போன இடம் அது. "குங்குமப்பூ, சந்தனம், எல்லாம் ஹெர்பல், மாஷிமா," என்று வங்காளத்தில் சித்தி முறை வைத்துக் கூப்பிட்டு வெள்ளை டப்பா ஒன்றைக் கையில் வைத்தாள் சர்பானி. டப்பாவில் பேர் இல்லை, கம்பெனி இல்லை. ஆனால் முகம் சீக்கிரமே பளிச்சென்று ஆகிவிட்டது. லிஃப்டில் வருகிறவர்களெல்லாம் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்கள். வத்சலா சிரித்து மழுப்பினாள்.

பிரியம்வதாவும் கேட்டாள். ஆனால் கேட்ட விதம் வேறு.

"இதுல என்னம்மா இருக்கு? லேபிளே இல்லையே. வெயில்ல போனா எரியறதா?"

"ஏன், உனக்கும் வேணுமா?"

"ஐயோ, எனக்கு வேண்டாம்மா!"

அவள் அத்தனை வேகமாகச் சொன்னது வத்சலாவுக்குப் பிடிக்கவில்லை. மாமியார் முகம் மின்னினால் இவளுக்கு எங்கே உறுத்துகிறது?

க்ரீம் நிறம் மாறின இரண்டு மூன்று நாளில் கன்னம் எரிய ஆரம்பித்தது. முதலில் வெந்நீர் பட்டாற்போல ஒரு சூடு. பிறகு தோல் சிவந்து இறுகிப்போய், வாயைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் கொப்புளம் வந்தது. புடவைத் தலைப்பு பட்டாலும் காந்தியது. அன்று சாயங்காலம் பால்கனியில் துணி எடுக்கப் போனவள், உள்ளே பிரியம்வதா போனில் தணிந்த குரலில் பேசுவதைக் கேட்டாள்.

"நா, ஷாஷுடி கிச்சுயி டேர் பாயெனி."

இந்த ஊருக்கு வந்து முப்பது வருஷம் ஆகிறது. அந்த வங்காளம் புரியாமல் போகுமா? மாமியார் இன்னும் எதையும் கண்டுபிடிக்கவில்லையாம். வத்சலா துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே வந்தாள். அதற்குப் பிறகு மருமகள் கொடுத்த காப்பியைக்கூடத் தொடவில்லை. அவள் சமையலறைக்குள் போனால் தானும் பின்னால் போய் நின்றாள்.

"என்னாச்சு உனக்கு? போலீஸ் மாதிரி பார்க்கறே?" என்றார் பத்மநாபன்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம பேப்பர் படியுங்கோ."

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது டப்பாவைக் கொண்டுவந்து பிரியம்வதாவின் தட்டுக்கு எதிரில் வைத்தாள்.

"இதை நீ தொட்டியா?"

ஹரீஷ் நிமிர்ந்தான். பிரியம்வதாவின் முகம் வெளிறியது. ஆனால் அவள் பொய் சொல்லவில்லை.

"மாத்தி வெச்சேம்மா. உள்ள இருக்கறது கடையில வாங்கின சாதா மாய்ஸ்சரைஸர். வாசனைக்குப் பழசுல கொஞ்சம் மேலாப்பல கலந்தேன்."

"எதுக்கு?"

"உங்க கன்னத்துல தோல் மெலிசாகி நரம்பு தெரிய ஆரம்பிச்சுது. எங்க பாங்க்ல ஒரு ஃப்ரெண்ட் இந்த மாதிரி க்ரீம் போட்டு ரொம்ப கஷ்டப்பட்டா. அவதான் போன் பண்ணி நிறுத்தச் சொல்லுன்னா. நிறுத்தினா சரியாயிடும்னு நெனச்சேன். இப்படி எரியும்னு சத்தியமா தெரியாது."

"எதுவானாலும் முகத்துக்கு நேரா சொல்லத் தெரியாதா உனக்கு?"

"சொன்னேனேம்மா. நீங்க எனக்குப் பொறாமைன்னு நெனச்சேள்."

அது என்னவோ நிஜம்தான். ஆனாலும், ஒளித்து மறைத்துச் செய்தவள் பேச்சை எப்படி நம்புவது? நிறுத்தினதால்தானே எரிகிறது? திரும்பப் போட்டால் அடங்கிவிடப் போகிறது. யாரிடமும் சொல்லாமல் மறுநாள் மெல்லிய துணியால் முகத்தைப் பட்டும் படாமல் மூடிக்கொண்டு மெட்ரோ ஏறி டாலிகஞ்ச் போனாள்.

சர்பானி அவள் முகத்தைப் பார்த்துக் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. அதுதான் வத்சலாவை முதலில் நெருடியது.

"நடுவில் விட்டுவிட்டீர்களா மாஷிமா? விடவே கூடாது," என்று அலமாரியிலிருந்து புது டப்பாவை எடுத்தாள். "இன்றைக்கே தடவுங்கள், அடங்கிவிடும்."

"எத்தனை காலம் தடவ வேண்டும்?"

"தடவிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்."

"இதில் என்னென்ன போடுகிறாய்?"

"அது எங்கள் ரகசியம்." சர்பானி சிரித்தாள்.

வத்சலா சிரிக்கவில்லை. எதிரில் இருந்தவளின் முகத்தை அன்றுதான் உற்றுப் பார்த்தாள். மாநிறம், நெற்றியில் வெயில் கறுப்பு, மூக்கின் மேல் மங்கு. வத்சலா டப்பாவைத் திறந்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீ கொஞ்சம் போட்டுக்கொள். நான் பார்க்கிறேன்."

"எனக்கு எதற்கு மாஷிமா?"

"ஹெர்பல்தானே? ஒரு விரல் எடுத்துத் தடவிக்கொள்."

சர்பானியின் கை மடியை விட்டு எழவில்லை. வாசலில் யாரோ கூப்பிட்டதுபோல எழுந்து போய்விட்டாள். யாரும் கூப்பிடவில்லை. வத்சலா டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். ஸ்டேஷன் படியில் நின்று மருமகளுக்குப் போன் செய்தாள்.

"பிரியா, உனக்குத் தெரிஞ்ச ஸ்கின் டாக்டர் யாராவது இருக்காளா?"

பவானிபூரில் அந்த டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். க்ரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்க வேண்டும், போடும்வரை பளபளக்கும், விட்டால் பழிவாங்கும் என்றார். "நீயும் சொல்லாமல் நிறுத்தியிருக்கக் கூடாது," என்று பிரியம்வதாவுக்கும் ஒரு குட்டு வைத்தார். வத்சலாவுக்கு அது சற்று இதமாக இருந்தது. ஆனால் எழுதிக் கொடுத்ததைப் பார்த்ததும் மறுபடி சந்தேகம் வந்துவிட்டது. கொஞ்ச நாளைக்கு ஒரு மாத்திரை. நுரை அதிகம் வராத சோப்புத் திரவம், வாசனையில்லாத மாய்ஸ்சரைஸர், வெயிலுக்கு சன்ஸ்க்ரீன். எலுமிச்சை, கடலைமாவு, தேய்ப்பது எதுவும் கூடாது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

"காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?"

"காப்பி. ரெண்டு மாரி பிஸ்கட்."

"மத்தியானம்?"

எல்லாரும் சாப்பிட்டபின் மிஞ்சினது என்று சொல்ல வத்சலாவுக்குக் கூச்சமாக இருந்தது. டாக்டர் கீழ் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்றார். கீரை, பருப்பு, தயிர், பழம் எல்லாம் வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். "தோலும் உடம்பில் ஒரு பகுதிதானே?"

உடனே ஒன்றும் சரியாகிவிடவில்லை. சில நாள் எரிச்சலில் அழுகையே வந்தது. பேசாமல் சர்பானியிடமே போய்விடலாமா என்றுகூட நினைத்தாள். அப்போதெல்லாம் பிரியம்வதா குளிர்ந்த நீரில் நனைத்த மெல்லிய துணியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். பத்மநாபன் ஸ்டேஷன் மார்க்கெட்டிலிருந்து சிவப்புக் கீரையும் கொய்யாவும் வாங்கிவந்து, தானே விளைவித்த மாதிரி மேஜையில் பரப்பினார்.

துர்கா பூஜை முடிந்து குளிர் தொடங்கும்போது சிவப்பு வடிந்தது. அடியிலிருந்து வத்சலாவின் பழைய மாநிறமே வந்தது. ஆனால் வதங்கல் இல்லை. தொட்டால் மெத்தென்று, எண்ணெய் தடவாமலே ஒரு மினுமினுப்பு.

"நன்னாயிருக்கும்மா," என்றாள் பிரியம்வதா, பாங்குக்குக் கிளம்பியபடியே.

"அதுக்காக நீ பண்ணினது சரின்னு ஆயிடாது."

"தெரியும்மா."

"தெரிஞ்சா சரி." வத்சலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணுக்கடியில் கருவளையம், தோளில் பை, ஒரு கால் செருப்பில். "எங்க ஓடறே? வயத்துல என்ன போட்டே?"

"ஆபீஸ்ல பார்த்துக்கறேம்மா."

"நம்பறதுக்கில்லை. உக்காரு."

தட்டில் இரண்டு இட்லியும் பப்பாளித் துண்டும் விழுந்தன. பிரியம்வதா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். வத்சலா தனக்கும் ஒரு தட்டு எடுத்துக்கொண்டாள்.