சுண்ணாம்புக் கோட்டுக் கொட்டகை

கட்டடம் கட்டுவதற்கு முன்னால் அது எவ்வளவு உயரம் வரும் என்று ஊருக்குக் காட்ட வேண்டும் என்பது கட்டட அலுவலகத்தின் விதி. நான்கு மூலையிலும் மூங்கில் நட்டு, கூரை வரப்போகிற உயரத்தில் கயிறு கட்டிவிட வேண்டும். அக்கம்பக்கத்தார் அண்ணாந்து பார்த்து, 'இது எனக்கு ஒத்துவராது' என்று எழுதிக் கொடுக்க அவகாசம் உண்டு. இல்லாத கட்டடத்தைப் பார்த்து எரிச்சல்படுவதற்கு அரசாங்கமே செய்து கொடுத்திருக்கும் வசதி.

கொம்பக்கா மாட்டுக் கொட்டகைக்காக மூங்கில் நட்டாள். ஆட்சேபணை ஒன்றே ஒன்றுதான் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருந்த கூடப்பிறந்த தங்கை கொடுத்திருந்தாள்.

கொம்பக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரில்லை. பால் சங்கத்தில் யாரோ ஒருவன், "இவளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?" என்று கேட்க, "ஆமா, முளைச்சிருக்கு. கிட்ட வந்து தொட்டுப் பாரு" என்று இவள் சொல்ல, அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். கோபம் அவளுக்கு மூக்கு நுனியில் இருக்கும் என்பார்கள். அதெல்லாம் சும்மா. நாக்கு நுனியில் இருக்கும்.

அவளுடைய பழைய கொட்டகையைப் பார்த்து, 'ஆகா, அந்தக் காலத்துக் கல் கட்டடம்' என்று யாராவது உருகினால், அவரை அங்கேயே ஒரு மழைநாள் கட்டிப் போட வேண்டும். தேய்ந்து வழுக்கும் கல் தரை. வடியாத மூத்திரம். படுத்தால் எழுந்திருக்கும்போது கால் வழுக்கும் என்று மாடுகளுக்குத் தெரியும். அதனால் படுக்காமல் நின்றே கிடக்கும். நின்று நின்று குளம்பு வீங்கும். போன மழைக்காலத்தில் தலைச்சன் கன்று ஈன்ற ஓர் இளம் பசு வழுக்கி, பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்து விழுந்தது. மாட்டு டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இனி எழுந்திரிக்காது. வலியையாவது நிறுத்திடலாம்" என்றார். ஊசி போடும்போது அதன் தலை கொம்பக்காவின் மடியில் இருந்தது. அதைப் பற்றி அவள் யாரிடமும் பேசியதில்லை. மறுவாரமே புதுக் கொட்டகைக்கு வரைபடம் போட ஆள் தேடினாள்.

பால் சங்கத்து மேற்பார்வையாளரும் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் மாடுகள் புதுக் கொட்டகையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பால் எடுக்க மாட்டோம் என்றார். பால் எடுக்க ஆளில்லாத மாட்டை என்ன செய்வது? சந்தைக்குத்தான் ஓட்ட வேண்டும். அனுமதி கிடைத்தால் மாடு உண்டு, இல்லாவிட்டால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

தங்கை கோர்ட்டில் பதிவறை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவள். தன் பங்கு நிலத்தில் மாடி வீடு கட்டியிருந்தாள். அந்த வீட்டுக்கு அனுமதி கேட்டபோது பக்கத்து நிலத்துக்காரி என்ற முறையில் கொம்பக்காவிடம் தாள் வந்தது. பால் கறந்துகொண்டிருந்தவள், மகாராணி என்ற பசுவின் முதுகில் தாளை வைத்து, ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டாள்.

அதை இப்போது வேலியோரம் நின்று சொல்லிக்காட்டினாள்.

"ஏண்டி, உன் வீட்டுக்கு நான் என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேட்டேனா?"

"கேட்டிருக்கணும். கேக்காதது உன் தப்பு. நான் எல்லாத்தையும் படிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதியிருக்கேன்."

"என்னத்த எழுதிக் கிழிச்ச?"

"நாத்தம். ஈ. சத்தம். அப்புறம், மலையை மறைக்குது."

"மலையை உனக்கு யாருடி எழுதி வச்சாங்க?"

தங்கை மலைப் பக்கம் திரும்பினாள். "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்து தூசி தின்னேன்க்கா. எனக்கு அந்த மலை வேணும்."

அதைக் கோபமே இல்லாமல் சொன்னாள். கொம்பக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நியாயம் கொஞ்சம்கூட இல்லாத எதிராளியோடு நிம்மதியாகச் சண்டை போடலாம். கொஞ்சம் நியாயம் இருக்கிறவளை என்ன செய்வது?

அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. விசாரணை முடியும்வரை அஸ்திவாரம், சுவர், கூரை எதுவும் எழுப்பக் கூடாது. கொம்பக்கா அதைத் தன்னோடு மாடு கறக்க வரும் கறவைக்காரரிடம் நீட்டினாள்.

"அண்ணே, மாடு கூடாதுன்னு இதுல எங்கயாவது போட்டிருக்கா?"

"உங்க மாடு உங்க நிலத்துல நிக்குறதை எவன் கேப்பான்?"

"அதான் நானும் சொல்றேன். ஒரு மூட்டை சுண்ணாம்புத் தூள் வாங்கிட்டு வாங்க."

வரைபடத்தைப் பார்த்துப் பார்த்து, புல்வெளியில் கொட்டகையை முழுசாகக் கோடு போட்டுவிட்டாள். இந்தப் பக்கம் ஒரு வரிசைப் படுக்கை, அந்தப் பக்கம் ஒரு வரிசை, நடுவே தீவனம் போடும் பாதை. சுவர் வருகிற இடத்தில் கோட்டின் மேல் கயிறு இழுத்து, கிழிந்த துணிகளைத் தொங்கவிட்டாள். படுக்கைக்கு மணல் கொட்டினாள். கறவை நடக்கும் இடத்திலிருந்து நேராக வர வசதியாக, தங்கையின் வீட்டைப் பார்த்து ஒரே ஒரு வாசல்.

"கூரை?" என்றார் கறவைக்காரர்.

"மேல வானம் இருக்குல்ல. அதுக்கு எவன் பெர்மிஷன் வாங்கினான்?"

அடியாத மாடு படியாது என்கிற பழமொழியைச் சொன்னவன் மாடு வளர்த்திருக்க மாட்டான். மாட்டுக்கு அடி வேண்டாம். முன்னால் ஒரு மாடு போனால் போதும். மகாராணியைக் கயிற்றில் பிடித்து அந்த வாசல் வழியாக உள்ளே கூட்டிப்போனாள். சில நாளில் கயிறு தேவைப்படவில்லை. இன்னும் சில நாளில் எல்லா மாடும், யார் முன்னால் யார் பின்னால் என்று தங்களுக்குள் ஒரு வரிசை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக நுழைந்து தன் தன் இடத்தில் படுக்க ஆரம்பித்தன. எல்லாமே படுத்து அசைபோடுவதை முதன்முதலாகப் பார்த்த மாலையில் கொம்பக்கா அழுதுவிட்டாள். அதைக் கறவைக்காரர் பார்த்துவிட்டார் என்பதற்காக அவருக்குச் சரியான திட்டு விழுந்தது.

மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தங்கை சும்மா இருப்பாளா? அனுமதியில்லாமல் கட்டுமானம் தொடங்கிவிட்டது என்று அடுத்த மனு போனது. கயிறு, மூங்கில், மணல், கோடு அனைத்தையும் அப்புறப்படுத்த வேண்டும், நேரில் வந்து பார்ப்போம் என்று நோட்டீஸ் வந்தது. கொம்பக்கா மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் பிடுங்கினாள். சுண்ணாம்பை மழை பார்த்துக்கொண்டது.

அவர்கள் வந்த அன்றும் தூறல்தான். பளபளக்கும் ஷூ போட்ட அதிகாரி, விசாரணைக் குழு உறுப்பினர்கள் இருவர், குடையும் கோப்புமாகத் தங்கை.

"கட்டடம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

"இடிச்சாச்சு சார்."

கறவை முடிந்து மாடுகள் வெளியே வந்தன. சுற்றிலும் திறந்த புல்வெளி. மகாராணி எங்கும் பார்க்காமல் நேராக நடந்து வந்து, ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் திரும்பி உள்ளே போனது. பின்னால் வந்த மாடு அது போகும்வரை நின்று, பிறகு போனது. அதற்கடுத்தது அதே மாதிரி.

அதிகாரி வாய் பிளந்து நின்றார். "இவ்வளவு இடம் கிடக்கே, இப்படிச் சுத்தி வரலாமே?"

"அங்க சுவர் சார். சுவத்துக்குள்ள எப்படி வரும்?"

உறுப்பினர்களில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தங்கைக்கு முகம் சிவந்தது. "பாத்தீங்களா? இது கட்டடம்தான்!"

"எந்தக் கல்லைப் பிரிக்கணும்னு காட்டுடி. இப்பவே பிரிக்கிறேன்."

மாடுகள் இரண்டு வரிசையாகப் படுத்துவிட்டன. தூறல் மழையாக வலுத்தது. சாணி கரைந்த தண்ணீர், அதிகாரியின் ஷூவை நனைத்துக்கொண்டு, வேலிக்கடியில் புகுந்து தங்கையின் வாசற்படியை நோக்கிப் போயிற்று. எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்க வேண்டும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்க வேண்டும் என்பார்கள். கொம்பக்காவுக்கு ஆடவும் தெரியாது, பாடவும் தெரியாது.

"சார், நல்லாக் கேட்டுக்கங்க. நிலம் என்னுது, மாடு என்னுது. நீங்க கையெழுத்துப் போட்டாலும் போடலைன்னாலும் என் மாடு இனிமே இங்கதான் படுக்கும். அந்தக் கல் தரைக்கு ஒண்ணைக்கூட திருப்பி அனுப்ப மாட்டேன். கட்ட விட்டீங்கன்னா சாணிக் குழி அந்தக் கோடியில வரும், நாத்தமும் அங்கயே போகும். விடலைன்னா தண்ணி பள்ளத்தைப் பாத்துத்தான் ஓடும். பள்ளத்துல யார் வீடு இருக்குன்னு நீங்களே பாத்துக்கங்க."

அனுமதி வந்தது. தங்கையும் லேசில் விடவில்லை. கடைசிவரை அலுவலகத்துக்கு நடந்து நிபந்தனைகள் வாங்கியிருந்தாள். கூரையின் உச்சியைக் குறைக்க வேண்டும்; மலை பாதிக்கு மேல் தெரிய வேண்டும். வாசல் அவள் வீட்டைப் பார்த்து இருக்கக் கூடாது. எதிர்ப்பக்கம் வைக்க வேண்டும். 'வாசல் எந்தப் பக்கம் இருந்தா என்ன, கூரை வந்தா சரி' என்று கொம்பக்கா கையெழுத்துப் போட்டாள். இந்தத் தடவை எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் போட்டாள். ஆனால் மனுஷியாகப் படித்தாள். மாடாக இருந்து படிக்கவில்லை.

மழைக்காலம் முடிகிற தறுவாயில் கொத்தனார் வேலையை முடித்தார். உச்சி குறைந்தாலும் காற்று வரும் கூரை, வழுக்காமல் கீறிவிட்ட தரை, புது மணல். மறுநாள் காலை பால் சங்கத்து மேற்பார்வையாளர் வருவதாகச் சொல்லியிருந்தார். கட்டட வேலை நடக்கும் இடத்தில் விட முடியாமல் வாரக் கணக்கில் பழைய கொட்டகையிலேயே அடைபட்டிருந்த மாடுகளை மாலைக் கறவை முடிந்ததும் அவிழ்த்து விட்டார்கள்.

மகாராணி நேராக நடந்தது. எப்போதும் திரும்புகிற இடத்தில் திரும்பியது. அங்கே புதுச் செங்கல் சுவர் இருந்தது. மகாராணி சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. அதன் பின்னால் மற்ற மாடுகள் ஒவ்வொன்றாக வரிசை கட்டின.

தவிடு காட்டிக் கூப்பிட்டார்கள். கயிறு போட்டு மகாராணியை எதிர்ப்பக்கம் இழுத்துப் போனார்கள், மற்றவை அசையவில்லை. அவற்றைத் தள்ளப் போனால், மகாராணி திரும்பி வந்து வரிசையின் முன்னால் நின்றுகொண்டது. கறவைக்காரர் உருட்டினார், கெஞ்சினார், கடைசியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. எருமை மாட்டின் மேல் மழை பெய்தது போல என்று எருமையை மட்டும் சொல்லி என்ன பயன்? பசுவும் அப்படித்தான் நின்றது.

தன் பிடிவாதத்தைத் தானே மாடுகளுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டோம் என்பது கொம்பக்காவுக்குப் புரிந்தது. யாரைத் திட்டுவது? வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் திட்ட ஆள் கிடைக்கவில்லை.

வேலிப் படல் திறந்தது. தங்கை வந்தாள். குடை இல்லை. கையில் ஒரு கடப்பாரை.

"என்னடி அது?"

"தோட்டத்துக் கடப்பாரை. மாடியிலேருந்து எவ்வளவு நேரம்தான் பாக்கறது? அது பாட்டுக்குச் சுவத்துல முட்டிக்கிட்டு நிக்குது. எனக்குச் சோறு இறங்கல." மூச்சு வாங்கியது. "உடைச்சுரு."

"பைத்தியமா உனக்கு? நிபந்தனை போட வச்சதே நீதான். பெர்மிஷன் இல்லாம உடைச்சா மறுபடியும் நோட்டீஸ் வரும்."

"யாராவது புகார் குடுத்தாத்தான் நோட்டீஸ் வரும்."

"குடுப்பாங்களே!"

"யாரு குடுப்பா?" என்றாள் தங்கை. "இந்தத் தெருவுல புகார் குடுக்கிற ஒரே ஆள் நான்தான்."

கொம்பக்கா அவளைப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டில் எதையும் அவளுக்குக் காட்டக் கூடாது என்று கடப்பாரையைப் பிடுங்கி, தரையில் ஒரு குத்துக் குத்திப் பிடி பார்த்தாள்.

"தள்ளி நில்லு" என்றாள்.

மகாராணியும் தள்ளி நிற்கவில்லை, தங்கையும் தள்ளி நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் கால் ஊன்றி, கொம்பக்கா புதுச் சுவரின் முதல் செங்கல்லைப் பெயர்த்தாள்.