இருபத்துநான்கு சில்லுகள்

அரசியல் அறிவியல் இரண்டாம் ஆண்டு. பண்டைய ஏதென்ஸின் ஆட்சிமுறையைப் பேராசிரியர் மெலிடிஸ் நடத்தினார். வகுப்பில் நாங்கள் இருபத்தெட்டுப் பேர். ஒரு செவ்வாய்க்கிழமை பாடம் எடுக்காமல், உடைத்த பூந்தொட்டிச் சில்லுகளை ஒரு பை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார்.

"ஊருக்கு ஆகாதவன்னு ஜனங்க நெனச்சா அவன் பேரைச் சில்லுல எழுதிப் போடுவாங்க. அதிகமா விழுந்தவன் பத்து வருஷம் ஊருக்குள்ள கால் வைக்கக்கூடாது. இங்க பத்து நாள், அவ்வளவுதான். இடைவேளை முடிஞ்சதும் எழுதுங்க."

மானோஸின் பெயர்தான் விழும் என்று நினைத்தேன். கட்சி மாணவரணித் தலைவன், ஊர்ப்பட்ட திமிர். ஆனால் இடைவேளையில் அவனே ஒவ்வொரு கும்பலாகப் போய்ப் பேசினான்.

"ஆர்கிரிஸை எழுதுங்கடா. தினமும் கேள்வி கேட்டே உயிரை வாங்குறான்ல?"

ஆர்கிரிஸ் வடக்கு எல்லையோர ஊரான ஃப்ளோரினாவிலிருந்து வந்தவன். வடக்கத்திப் பேச்சு, எல்லாவற்றையும் புரிந்துகொண்டே தீருவேன் என்ற பிடிவாதம். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று வாரமும் எனக்காகக் குறிப்பெடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

"அது தப்பு. அவன் யாருக்கு என்ன பண்ணான்?" என்றாள் ஃபோதினி.

மானோஸ் அவளைக் கண்டுகொள்ளவில்லை. என் பக்கம் திரும்பினான். "என்ன க்ளியோ, உன் ஆளுன்னு விட்டுடுவியா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது.

திரும்பி வந்து ஆர்கிரிஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான், கையால் மறைத்துக்கொண்டு அவன் பெயரை எழுதினேன். முன்வரிசையில் ஃபோதினி மறைக்காமலே எழுதினாள்: மானோஸ்.

மெலிடிஸ் ஒவ்வொரு சில்லாக எடுத்து உரக்க வாசித்தார். "ஆர்கிரிஸ்." முதல் தடவை அவனும் சேர்ந்து சிரித்தான். "ஆர்கிரிஸ். ஆர்கிரிஸ். மானோஸ். ஆர்கிரிஸ்." ஏழாவது தடவை பின்வரிசைப் பையன்கள் மேசையைத் தட்டினார்கள். பிறகு ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தட்டு. இருபத்துநான்கு.

ஆர்கிரிஸ் கை தூக்கினான். "சார், வெளியே போறவன் ஏதாச்சும் பேசலாமா?"

"குற்றச்சாட்டே இல்ல தம்பி, அப்புறம் எதுக்குப் பதில் சொல்லப்போற? அதான் இதுல அழகே," என்றார் மெலிடிஸ்.

வகுப்பே அதிரச் சிரித்தது. அவன் பையை எடுத்தான். ஜிப் மாட்டிக்கொண்டது. அதை இழுத்து மூடும்வரை யாரும் சிரிப்பை நிறுத்தவில்லை.

பத்து நாள் கழிந்தும் அவன் வரவில்லை. பரீட்சைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. அவன் குறிப்புகள் எனக்கு வேண்டியிருந்தன. போன் செய்தேன்.

"நாலு பேர் என் பேரை எழுதல," என்றான். "அதுல நான் ஒருத்தன். நீ ஒருத்திதானே?"

"ஆமா. பின்ன?"

போனில் அவன் மூச்சு விடுவது கேட்டது. "அது போதும் எனக்கு. நாளைக்கு வர்றேன்."

வந்தான். என் பக்கத்திலேயே உட்கார்ந்தான். மதியம் உணவகத்தில், பட்டாணிக் குழம்புத் தட்டோடு ஃபோதினி எங்கள் மேசைக்கு வந்தாள். "நல்லவேளை வந்துட்ட, ஆர்கிரிஸ்."

"நடிக்காத," என்றான் அவன். "எழுதுறப்போ நீ திரும்பித் திரும்பி என்னைப் பார்த்ததை நான் பார்த்தேன். இருபத்திமூணு பேரும் போய்த் தொலையட்டும். ஆனா முன்னாடி சிரிச்சுட்டு முதுகுல குத்துறியே, நீயெல்லாம் ஒரு மனுஷியா?"

அவன் கத்தியதில் சுற்றியிருந்த மேசைகள் அடங்கின. மானோஸ் நாற்காலியைத் திருப்பிப் போட்டு வேடிக்கை பார்த்தான்.

"நான் எழுதல," என்றாள் ஃபோதினி. "க்ளியோ பார்த்தா. க்ளியோ, சொல்லேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எதையும் பார்க்கலயே," என்றேன்.

ஃபோதினி தட்டை அப்படியே வைத்துவிட்டு அழுதுகொண்டே போனாள். ஆர்கிரிஸ் என் தோளைத் தட்டி, குறிப்பேட்டை என் பக்கம் நகர்த்தினான்.

"மூணாம் அத்தியாயத்துலேர்ந்து சொல்லித் தரட்டுமா?"

"சொல்லு," என்றேன்.