ஒரு பக்கம் மட்டும் போன சத்தம்

ஐந்தே காலுக்குக் குழாயில் தண்ணீர் வரும். நான்கு குடம் பிடித்தேன். பல் தேய்த்து, முகம் மழித்து, குளித்தேன். ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டுக் குடித்தேன். முந்தின நாள் ரொட்டியில் நான்கு துண்டு மிச்சம் இருந்தது. இரண்டைத் தின்றேன். சட்டையை இஸ்திரி போட்டேன். எட்டு மணிக்குக் கதவைப் பூட்டினேன்.

மற்ற நாட்களில் மட்டாஞ்சேரி படகுத்துறைக்கு நடந்து, படகில் எர்ணாகுளம் போய், அங்கிருந்து பஸ்ஸில் தேவரா. அங்கே ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை. அன்று வெள்ளிக்கிழமை, 2004 செப்டம்பர் பத்து. லீவ் போட்டிருந்தேன். பழைய பாகங்களை வைத்துக் கூட்டிய ஒரு கம்ப்யூட்டரை முந்தின நாளே கடையிலிருந்து கொண்டுவந்திருந்தேன். அதை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கொச்சங்காடியில் மாமனார் வீட்டுக்குப் போனேன். மானிட்டர் என் மடியில் இருந்தது.

என் மனைவி ஷைலஜா ஜூன் இருபத்தொன்பதாம் தேதி இறந்தாள். எலிப்பனி, எலிக்காய்ச்சல் என்பார்களே அது. மழைத் தண்ணீரில் நடந்து ஜவுளிக்கடை வேலைக்குப் போய்வந்ததில் பிடித்தது. காய்ச்சல் வந்த ஆறாம் நாள் முடிந்துவிட்டது. வயது இருபத்தேழு.

அவள் தங்கை சுனிதா கணவனோடு குவைத்தில் இருக்கிறாள். அவளுக்கு இதைச் சொல்லவில்லை.

சுனிதா கர்ப்பமாக இருந்தாள். அந்தச் செப்டம்பரில் எட்டாம் மாதம். அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இரண்டாவது போனது, அவள் மாமியார் இறந்த செய்தியைக் கேட்ட மறுநாள். அதனால் ஷைலஜாவை எரித்த அன்று சாயங்காலம் சுனிதாவின் கணவன் ஜிதின் எனக்கு போன் செய்தான். சகலை முறையில் என்னை அளியா என்பான். "அளியா, பிரசவம் முடியட்டும். அப்புறம் நானே சொல்றேன். அதுவரைக்கும் ஆரும் வாயைத் திறக்கக் கூடாது." எல்லோரும் சரி என்றார்கள். நானும் சொன்னேன்.

போனில் அது கஷ்டமாக இருக்கவில்லை. குவைத்திலிருந்து வரும் கால் மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அக்கா எங்கே என்று கேட்பாள். கடையில் கூட்டம், இன்னும் வரலை என்போம். ஓணத்துக்குக் கூப்பிட்டபோது தொண்டை கட்டியிருக்கிறது என்றோம். பிறகு ஜிதின் வீட்டில் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். நெட்டில் மணிக்கணக்காகப் பேசலாம், அக்காவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள் என்று சுனிதா பிடிவாதம் பிடித்தாள். முடியாது என்றால் அவளுக்குச் சம்சயம் வரும் என்று மாமனார்தான் என்னைக் கம்ப்யூட்டர் கொண்டுவரச் சொன்னார்.

மாமனார் பெயர் காளி. கார்ப்பரேஷனில் ஓடை சுத்தம் செய்கிறவர்களுக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் ஓடைக்குள் நிற்கிறவர்களிடம் மேலேயிருந்து பேசியதால் அவருக்குக் குரலைத் தாழ்த்த வராது. மாமியார் பெயர் பாப்பா. நான் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

"மோனே, இதுல நம்ம வீடு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்தே. சத்தம் மட்டும்தான்."

"தெரியாதுன்னாலும் இருக்கட்டும்." சுவரிலிருந்த ஷைலஜாவின் போட்டோவை மாலையோடு கழற்றி அலமாரிக்குள் வைத்தார். ஆணி மட்டும் நின்றது. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டினார்.

டெலிபோன் பக்கத்தில் மேஜை போட்டு எல்லாவற்றையும் இணைத்தேன். மைக்கின் வயர் இளஞ்சிவப்புத் துளையில், ஸ்பீக்கரின் வயர் பச்சைத் துளையில். மைக் ஒரு சின்னக் கம்பி. மேஜையில் நிற்கும். முதலில் பதிவு செய்து பார்க்க வேண்டும். "அத்தே, இதைப் பார்த்து எதாவது பேசுங்க," என்றேன்.

"என்ன பேச?"

"என்ன வேணும்னாலும்."

"இந்தக் குச்சிகிட்டயா?"

"ஆமா."

அத்தை புடவையைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். "மோளே சுனி, அம்மாதான். சாப்பிட்டியா?" என்றார். ஓட்டிக் காட்டினேன். சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"ஆரு இந்தக் கிழவி?"

"நீதான்டீ. அம்பது வருஷமா நான் கேக்கறது இதுதான்," என்றார் மாமா.

"அம்பது வருஷமா? கல்யாணம் கழிஞ்சு முப்பதுதான் ஆவுது."

"கேட்டவனுக்குத்தானே கணக்குத் தெரியும்."

பதிவின் அளவைக் கூட்டினேன். மறுபடி ஓட்டினேன். இப்போது அத்தையின் குரலுக்குப் பின்னால் காக்காயும் தெருவில் போன கைவண்டியும் கேட்டன. போதும். மாமாவைப் பேசச் சொன்னேன். அவர் "ஹலோ" என்றதும் திரையில் சத்த அளவைக் காட்டும் கோடு சிவப்புக்குப் போய்விட்டது. மைக்கை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.

மெசஞ்சரில் பேசும்போது மௌஸில் ஒரு பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். விட்டால் சத்தம் போகாது. அத்தைக்கு அது வராது. அதனால் மைக் எப்போதும் திறந்திருக்கும்படி திரையிலிருந்த ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டேன்.

பதினொரு மணிக்கு நெட் கனெக்ட் செய்தேன். மோடம் கூவி அடங்கியது. ஜிதின் காத்துக்கொண்டிருந்தான். பேச்சு இணைப்பைத் தொடங்கிவிட்டு "ஹலோ ஜிதின், கேட்குதா?" என்றேன். திரையில் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. கீழே எழுத்துப் பெட்டியில் அவன் தட்டியது வந்தது. நாங்கள் தட்டுவது ஆங்கில எழுத்தில், பாதி மலையாளம், பாதி தமிழ்.

"அளியா, இங்க ஒண்ணும் கேக்கலை. என் மைக்கும் வேலை செய்யலை. மேல் மாடி முகமது இஸ்மாயில்கிட்ட ஹெட்போன் இருக்கு. வாங்கிட்டு வரேன். லைனைக் கட் பண்ணாதே. சுனி உறங்குறா."

"அவன் ஹெட்போன் வாங்கப் போயிருக்கான். பத்து நிமிஷம்," என்றேன்.

"அப்போ பத்து நிமிஷத்துல ஒண்ணு முடிவு பண்ணணும்," என்றார் மாமா. "அவ வந்து அக்கா எங்கேன்னு கேட்டா?"

"பழனிக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க. கடைப் பிள்ளைங்களோட," என்றார் அத்தை.

"போன மாசமும் பழனிதான் சொன்னோம். போனவ இன்னும் மலை எறங்கலையா?"

"அப்போ வேளாங்கண்ணி."

"நமக்கு என்னடி வேளாங்கண்ணி?"

"பின்னே நீங்களே சொல்லுங்க. மேஸ்திரியில்லையா பெரிய."

"காய்ச்சல்னு சொல்லலாம். படுத்திருக்கா, பேச முடியலை."

"காய்ச்சல்னு இந்த வீட்ல சொல்லாதீங்க." அத்தையின் குரல் மாறியது. "அந்தப் பேரை எடுக்காதீங்க."

"சரி, மிண்டல. இனி சொல்லல."

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அத்தை, யாரிடம் என்றில்லாமல், பேச ஆரம்பித்தார்.

"எரிச்சு சாம்பலைக் கடல்ல விட்டாச்சு. எழுபது நாள் கழிஞ்சு. செத்துப்போன பொண்ணை நான் எத்தனை தடவை பழனி மலை ஏத்துவேன்? சாகும்போதுகூட முருகான்னு சொல்லிட்டுப் போனவ. அவ பேர்ல தினம் ஒரு பொய் சொல்றேன். ஷைலு கடைக்குப் போயிருக்கா, ஷைலு குளிக்கறா. சொல்லிச்சொல்லி நேத்து ராத்திரி நானே அவளுக்கும் சேத்து சோறு எடுத்து வெச்சிட்டேன்."

"மெல்லப் பேசுடி," என்றார் மாமா.

"ஆருக்குக் கேக்கப் போவுது? அங்கதான் ஒண்ணும் கேக்கலையே."

அத்தை பேசப்பேசப் பச்சைக் கோடு ஏறி இறங்கியது. கடைக்கு வருகிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. உங்களுக்குக் கேட்கவில்லை என்பதால் அவர்களுக்கும் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள். கோடு ஏறினால் சத்தம் போய்க்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் யாராவது ஸ்பீக்கரைச் சரிசெய்தால் அந்த நொடியே கேட்கும்.

மைக்கை நிறுத்த ஒரு க்ளிக் போதும். மௌஸ் என் கையில்தான் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். மறக்கவில்லை. ஜிதின் எழுதியதை நம்பினேன் என்றும் சொல்லலாம். அது பாதி உண்மை. அத்தை அழுதுகொண்டே ஷைலஜாவின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார். எழுபத்துமூன்று நாளில் இறந்தவள் என்று சேர்த்து அவள் பெயரை ஒருவர் உரக்கச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். கை அசையவில்லை.

எழுத்துப் பெட்டியில் ஒரு சொல் வந்தது.

"அஜீஷேட்டா."

ஜிதின் என்னை அளியா என்றுதான் கூப்பிடுவான். அஜீஷ் என்ற என் பெயரோடு மரியாதைக்கு ஏட்டா சேர்த்துக் கூப்பிடுகிறவள் சுனிதா ஒருத்திதான்.

அடுத்த வரி வந்தது.

"எழுந்து வந்து பார்த்தேன். இங்க ஸ்பீக்கர்ல சத்தத்தை மூடுற டிக் விழுந்திருந்தது. ஜிதினேட்டன் கவனிக்கலை. டிக்கை எடுத்தேன். அம்மா பேசினது எல்லாம் கேட்டேன்."

மௌஸை நகர்த்தி மைக்கை நிறுத்தினேன். கோடு கீழே விழுந்து கிடந்தது.

"என்ன எழுதறான்?" என்றார் அத்தை, மூக்கைச் சிந்தியபடி. அவருக்கும் மாமாவுக்கும் ஆங்கில எழுத்து தெரியாது.

"ஹெட்போன் கிடைச்சிருச்சாம். மாட்டிக்கிட்டிருக்கான்."

"சுனி எழுந்தாளா?"

"இல்லே."

சுனிதா தட்டினாள். "எப்போ?"

"ஜூன் 29."

"எப்படி?"

"எலிப்பனி."

திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும். அந்த ஒரு நிமிடத்தில் நான் செய்திருப்பது என்ன என்று புரிந்தது. மாமியார் செத்த செய்தியில் ஒரு குழந்தையை இழந்தவள். குவைத்தில் அந்த நேரம் காலை ஒன்பதுகூட ஆகியிருக்காது. வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். "சுனி, உக்காரு. தண்ணி குடி. வயிறு வலிக்குதா?" என்று தட்டினேன்.

"இல்லே. உக்காந்துதான் இருக்கேன். அசையுது."

"ஜிதினைக் கூப்பிடவா? இஸ்மாயில் வீட்டு நம்பர் என்கிட்ட இருக்கு."

"வேண்டா. அக்கா எனக்கு ஒரு தடவைகூட போன் பண்ணலை. என்கிட்ட கோபம்னு நெனச்சேன். அவ கல்யாணத்துக்கு என் வளையலைக் கொடுக்கலைன்னு அப்போ சண்டை போட்டோம். அதை இன்னும் மனசுல வெச்சிருக்கான்னு நெனச்சு நானும் கோபமா இருந்தேன். ரெண்டு மாசமா அவளைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

"அவளுக்குக் கோபம் இல்லை," என்று தட்டினேன்.

"அம்மாகிட்ட சொல்லாதீங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அம்மா பயந்தே செத்துப்போகும். ஜிதினேட்டனுக்கும் வேண்டா. பிரசவம் வரைக்கும் நான் தெரியாத மாதிரியே இருக்கேன். அம்மா பழனின்னு சொன்னா பழனின்னு கேட்டுக்கறேன்."

"உன்னால முடியுமா?"

"உங்க எல்லாராலயும் முடிஞ்சதுல்ல."

மாமா எனக்குப் பின்னால் வந்து நின்றார். திரையைப் பார்த்தார். "இவ்வளவு எழுதறானே, அவன் என்ன கதையா எழுதறான்?"

"வயர் எதுல மாட்டறதுன்னு கேக்கறான் மாமா. சொல்லிக்கிட்டிருக்கேன்."

"பச்சையில மாட்டச் சொல்லு. எனக்கே தெரிஞ்சிருச்சு," என்றார் மாமா. அத்தை முகம் கழுவ உள்ளே போனார். பேச்சு வரும்போது அழுத குரல் இருக்கக் கூடாது என்று அவர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கும் சத்தம் கேட்டது. மாமா வாசலில் போய்த் துப்பிவிட்டு, அங்கேயே நின்று பீடி பற்றவைத்தார்.

சுனிதா மறுபடி தட்டினாள்.

"அக்கா முருகான்னு சொன்னதா அம்மா சொல்லிச்சு. நெஜமா?"

அது என் பொய். ஆஸ்பத்திரியில் அத்தை கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். ஷைலஜா கண்ணைத் திறந்து ஒன்று சொன்னாள். அவள் சொன்னதைச் செய்ய நான் எழுந்து போனேன். கதவோரச் சுவர் வரை எட்டு அடி. திரும்பி வந்தபோது முடிந்திருந்தது. அத்தை கஞ்சிப் பாத்திரத்தோடு நின்று, "என்ன சொன்னா மோனே? முருகான்னு சொன்னாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அத்தை அதை மெல்லச் சொல்லி ஆறுதல் அடைகிறார். வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"நெஜம்" என்று ஒரு சொல் தட்டினால் போதும். தட்டினேன். அனுப்பவில்லை.

"அஜீஷேட்டா, அக்கா முருகான்னு சொல்ற ஆளில்லை. எனக்குத் தெரியாதா? இனி எனக்கும் பொய் சொல்ல வேண்டா. மாடிப்படியில ஜிதினேட்டன் சத்தம் கேக்குது. சத்தத்தை மறுபடி மூடி வெச்சிட்டுப் போய்ப் படுக்கணும். சீக்கிரம் சொல்லுங்க. அக்கா என்ன சொன்னா?"

தட்டியிருந்ததை அழித்தேன். ஷைலஜா சொன்னபடியே, ஒரு எழுத்தும் மாற்றாமல் தட்டி அனுப்பினேன்.

"ஏட்டா, ஃபேனைக் கொறைச்சு வைங்க. பக்கத்துக் கட்டில் அம்மச்சிக்குக் குளிருது."