சுற்றிப் பார்க்க வந்தவர்கள்

டூர் வந்தவர்கள் ஓட்டிக்கொண்டு காலையில் மலையேறிய ஐந்து ஏடிவி நாலுசக்கர வண்டிகளில் மூன்று இறங்கி வந்துவிட்டன. வண்டி கழுவுகிறவள் தடித்த சக்கரங்களில் அப்பியிருந்த சேற்றைக் குச்சியால் நோண்டிக்கொண்டே மேலே பார்த்தாள். முன்னால் போய் வழிகாட்டுவது அவள் புருஷனின் வேலை. ஒன்பது வருஷமாக அதே மேடு, அதே பள்ளம். வீட்டுக்கு வந்த பிறகும் கைகளில் குலுக்கல் நிற்காது. குடிக்கிற தண்ணீரில் பாதி சட்டைக்குத்தான் போகும்.

நான்காவது வண்டியில் மெக்கானிக் அவனைப் பின்னால் உட்காரவைத்து, தன்னோடு சேர்த்துக் கயிற்றால் கட்டிக் கொண்டுவந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது. அவள் குச்சியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"வந்தவர் வீடியோ எடுக்கறேன்னு ஓரமா திருப்பிட்டார்க்கா. வண்டி சரிஞ்சுது. அண்ணன் போய்த் தாங்கிப் பிடிச்சார், அவர் மேலயே கவுந்துடுச்சு" என்றான் மெக்கானிக்.

"அந்த ஆளுக்கு?"

"கீறல்கூட இல்ல."

மேனேஜர் ஜீப்பைக் கொண்டுவரச் சொன்னார். அவளைத் தனியே கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரில வேலையாள்னு வாயத் திறந்துடாதம்மா. ஓட்ட வந்தவங்களுக்குத்தான் இன்சூரன்ஸ் இருக்கு. டூர் வந்த இடத்துல விழுந்துட்டார்னு சொல்லு. நோட்டுலயும் அப்படியே எழுதிட்டேன்."

"ஒன்பது வருஷம் சார்."

"நான் இல்லேன்னா சொல்றேன்? உன் நல்லதுக்குத்தான்."

ஜீப்பில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மேனேஜர் சொன்னதைச் சொன்னாள்.

"அவர் சொன்னபடியே சொல்லிடு" என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "வேலை பார்த்தேன்னு காட்ட ஒரு துண்டுச் சீட்டாவது இருக்கா நம்மகிட்ட?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன? கல்யாணமாகி இன்னிக்குத்தான் ரெண்டு பேரும் டூர் வந்திருக்கோம்." சிரிக்கப் பார்த்தான். ஜீப் ஒரு குழியில் இறங்க, கத்திவிட்டான்.

ஆஸ்பத்திரியில் அவனை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் படிவத்தை எடுத்தாள்.

"எப்படி அடிபட்டுது? ஜீப் அந்த மலை வண்டிக்காரங்களோடதுதானே? அங்க வேலை பார்க்கறாரா?"



"இல்லம்மா. சும்மா சுத்திப் பாக்க வந்தோம்."

நர்ஸின் பேனா நின்றது. எதிரில் நின்றவளின் முழங்கால்வரை ஏறிய ரப்பர் பூட்ஸிலிருந்து சேற்றுத் தண்ணீர் வடிந்து, துடைத்து வைத்த வெள்ளைத் தரையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.