தலைவரின் மூக்கு

ஸ்ட்ரூவன் கில்கிறிஸ்ட் பொய் சொல்கிறார் என்று ரோனாவுக்கு முதலில் பட்டது மார்ச் மாதத்து ஒரு சனிக்கிழமை மதியம்.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றுப் பாலத்தை ஒட்டிய ஹோட்டலின் பின்னறையில் அவர்களுடைய விஸ்கி சங்கம் கூடும். சங்கம் என்றால் மூன்று பேர்தான். தலைவர் ஸ்ட்ரூவன், தபால் வண்டி ஓட்டும் டூகல், பல் மருத்துவமனை வரவேற்பில் உட்காரும் ரோனா. வலியே இல்லை என்று சொல்பவர்களின் முகத்தைத் தினமும் பார்ப்பவள் அவள். வருஷத்துக்கு ஒரு பீப்பாய் சேர்ந்து வாங்குவார்கள். இம்முறை மாதிரிக்கு வந்திருந்தது ஸ்ட்ரூவனின் தங்கை மகன் வேலை பார்க்கும் வடிசாலையின் சிங்கிள் மால்ட் விஸ்கி. பாட்டிலை அவனே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

ரோனா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். தோல் சீவிய பேரிக்காய் வாசம் வந்தது. நன்றாகக் கனிந்து, சாறு விரலில் வழிகிற பழம். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டதும் பின்னாலிருந்து ஆப்ரிகாட் ஜாம் எழுந்தது, அப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கியதுபோல. விழுங்கிய பிறகும் பீச் கொட்டையைச் சப்பியதுபோன்ற மெல்லிய கசப்பு நாக்கில் நின்றது.

"எலுமிச்சை, பச்சை ஆப்பிள்," என்றார் ஸ்ட்ரூவன். "அருமையான சரக்கு. இதையே வாங்கிடலாம்."

"எலுமிச்சையா? எங்க இருக்கு?"

"முதல்ல உன் மூக்கைக் கவனி."

"தலைவர் சொன்னா எலுமிச்சைதான்," என்றான் டூகல். "நான் வெள்ளரிக்கான்னு சொல்ல இருந்தேன். நல்லவேளை."

ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு அரைமணி நேரம் சண்டை போடுகிறவர் ஸ்ட்ரூவன். அன்று ஒரே முகர்தலில் முடித்துவிட்டார். அதோடு, எலுமிச்சை, பச்சை ஆப்பிள் என்பது தங்கை மகன் வாசலில் நின்று சொன்ன அதே வார்த்தைகள். அந்தப் பையனிடம் எதையோ வாங்கிக்கொண்டுதான் பீப்பாயைத் தங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று ரோனா நினைத்தாள். போன மாதம்தான் அவர் வீட்டுக் கூரைக்குப் புது ஓடு போட்டிருந்தார்.

அடுத்த சனிக்கிழமை அவள் முன்னதாகவே போய், ஸ்ட்ரூவனின் கிளாஸில் மட்டும் மேற்குத் தீவு ஒன்றிலிருந்து வரும் புகைவாச விஸ்கியை ஊற்றிவைத்தாள்.

"யாராவது கம்பளியை அடுப்புல போட்டுட்டீங்களா?" என்றபடி டூகல் வந்தான்.

"வாயை மூடிட்டு உக்காரு."

ஸ்ட்ரூவன் வந்தார். கிளாஸை எடுத்து முகர்ந்தார், ஒரு வாய் குடித்தார். "அதே பச்சை ஆப்பிள். போன வாரத்தைவிட நல்லாத் தெரியுது."

டூகல் ஏதோ சொல்ல வந்தான். ரோனா அவன் காலை மிதித்தாள். திருடனைப் பிடிக்கத்தான் அவள் வந்திருந்தாள். ஆனால் ஸ்ட்ரூவன் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னது சரியா என்று தெரிந்துகொள்ள.

"ஸ்ட்ரூவன், அது வேற சரக்கு. அறை முழுக்கப் புகை நாறுது."

அவர் மறுபடி ஆழமாக முகர்ந்தார். கிளாஸைக் கீழே வைத்தார்.

"எப்போலேர்ந்து வாசம் தெரியல?" என்று கேட்டாள் ரோனா.

"ஜனவரியில காய்ச்சல் வந்ததே, அதுலேர்ந்து. அன்னிக்கு ரொட்டி கருகி, எதிர்வீட்டுக்காரி வந்து கதவைத் தட்டினப்பதான் தெரிஞ்சுது. இதைக் குடிச்சா சூடு தெரியுது, கொஞ்சம் இனிப்பு தெரியுது. அதுக்கு வெந்நீர்ல சர்க்கரை போட்டுக் குடிச்சிடலாம்."

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

"மூக்கு செத்தவனைத் தலைவரா வெச்சிருப்பீங்களா?"

ரோனாவுக்கு அப்போதும் திருப்தியில்லை. "அப்போ தங்கச்சி பையன்கிட்ட எதுவும் வாங்கலையே?"

அவர் முகம் சிவந்தது. "அப்படியா நெனச்சே?"

"கூரையைப் பார்த்தேன்."

"புயல்ல பிச்சுக்கிட்டுப் போன கூரை. இன்ஷூரன்ஸ்ல போட்டது. பாதி ஓடு உன் தோட்டத்துலதானே வந்து விழுந்துச்சு."

அவற்றைப் பொறுக்கிக் கொடுத்ததே ரோனாதான்.

"என் வண்டிக்கும் டயர் புதுசு, ரோனா," என்றான் டூகல். "விசாரிச்சு வை."

பீப்பாய் வாங்குவதில் தனக்கு ஓட்டு இல்லை என்று ஸ்ட்ரூவனே ஒதுங்கிக்கொண்டார். ரோனா மறுபடி ருசித்து, பேரிக்காயையும் ஆப்ரிகாட்டையும் நிதானமாகச் சொல்ல, அவர் கண்ணை மூடிக் கேட்டார். பீப்பாயை வாங்கினார்கள். வாசம் திரும்புவதற்காக, மருத்துவர் சொன்னபடி ஸ்ட்ரூவன் தினமும் காலையில் கிராம்பையும் ரோஜா எண்ணெயையும் முகர்ந்து பழகிவந்தார்.

இலையுதிர் காலத்தில் அந்தப் பீப்பாயிலிருந்து நிரப்பிய பாட்டில்கள் வந்தன. ஸ்ட்ரூவன் வெகுநேரம் கிளாஸுக்குள் மூக்கை வைத்திருந்தார்.

"வாழைப்பழம் மாதிரி ஏதோ," என்றார் மெதுவாக.

"ஆமா, ஆமா," என்றான் டூகல், தன் கிளாஸைத் தொடாமலே.

ரோனா இருவரையுமே நம்பவில்லை. தண்ணீர் விட்டு, காத்திருந்து, முகர்ந்தாள். மற்றப் பழங்களுக்கெல்லாம் அடியில், கறுக்கத் தொடங்கிய வாழைப்பழத்தின் வாசம் லேசாக இருந்தது.

"இருக்கு, ஸ்ட்ரூவன்."

அவர் கண்ணை இடுக்கி அவளைப் பார்த்தார். "நிஜமாவா? எனக்காகச் சொல்றியா?"